ஒரே அம்பில் புலியையும் யானையையும் வீழ்த்தியவன்!
கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரியின் கதை

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது, கொல்லிமலை. அடிவாரத்தில் காரவள்ளி என்று ஓர் ஊர். அங்கிருந்து மலைமேல் ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைந்து வளைந்து ஏறி மேலே போனால், குளிர்ந்த காற்று வீசும். பலாவும் மிளகும் காப்பியும் கண்ணில் படும்.

மலை மேல் 14 ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நாடு என்றே பெயர். ஆலத்தூர் நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று பெயர்களைக் கேட்டாலே, ஒரு பேரரசைப் பற்றிக் கேட்பது போல் இருக்கும்.

உண்மையில் இந்த மலைக்கு ஓர் அரசன் இருந்தான். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, சங்க காலத்தில் வாழ்ந்தவன் அவன். பெயர் ஓரி. வில் வித்தையில் வல்லவன். ஆகையால் வல்வில் ஓரி என்று புலவர்கள் பாடினார்கள். கடையெழு வள்ளல்களில் அவனும் ஒருவன்.

முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பாரி. மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் பேகன். இந்தக் கதைகள் குழந்தைகளுக்கும் தெரியும். ஓரி என்ன செய்தான்? பெயர் தெரியாத ஏழைகளுக்கு, தன் பெயரையும் சொல்லாமல், நடுக்காட்டில் பொன்னை அள்ளிக் கொடுத்தான்!

அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

புலி வாழ்ந்த மலை

அந்தக் காலத்தில் மலைக்குப் பஸ் ஏது? சாலை ஏது? ஒற்றையடிப் பாதைதான். வழி நெடுகக் காடு. அந்தக் காட்டில் யானை இருந்தது. காட்டுப் பன்றி இருந்தது. மான் கூட்டம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, புலி இருந்தது!

புலிக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! வேங்கை என்றார்கள், உழுவை என்றார்கள். ஒரு விலங்குக்கு இத்தனை பெயர் வைத்தவர்கள், அதை நன்றாக அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளின் கழுத்தில் புலிப்பல் கோத்த தாலியைக் கட்டுவது அன்றைய வழக்கம். புலியின் பல், பிள்ளையைக் காக்கும் என்று நம்பினார்கள்.

ஆனாலும் புலியைக் கண்ணால் காண்பது அன்றும் அரிதுதான். புலி பதுங்கி வாழும் விலங்கு. அது நம்மைப் பார்க்கும். நாம் அதைப் பார்க்க மாட்டோம். புதருக்குள் அதன் வரிகள் நிழலோடு நிழலாக மறைந்து விடும்.

பாறையின் மேல் வேங்கை மரத்துப் பூக்கள் உதிர்ந்து கிடந்தால், புலிக்குட்டி படுத்திருப்பது போலத் தோன்றும் என்று சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். மலையில் நடந்து போகிறவர் மனம் எப்படி அஞ்சியிருக்கும் என்பதை, இதைக் கொண்டே அறியலாம். பூவைப் பார்த்தாலும் புலி! நிழலைப் பார்த்தாலும் புலி!

அப்படிப்பட்ட மலைப்பாதையில், ஒருநாள், ஒரு கூட்டம் நடந்து கொண்டிருந்தது.

பசியோடு வந்தவர்கள்

அவர்கள் பாணர்கள். பாட்டுப் பாடிப் பிழைப்பவர்கள். கூட வந்த பெண்கள் விறலியர். ஆடுவதும் பாடுவதும் அவர்கள் தொழில்.

பாணருக்கு நிலம் கிடையாது. மாடு கிடையாது. யாழும் முழவும்தான் சொத்து. யாழ் என்பது வீணையைப் போன்ற நரம்புக் கருவி. முழவு என்பது மத்தளம் போன்றது. இவற்றைச் சுமந்து கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். கொடுக்கும் மனம் உள்ளவர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் போவார்கள். கிடைத்தால் சோறு; இல்லாவிட்டால் பட்டினி.

அந்தக் கூட்டம் கண்ட காட்சியைப் பாட்டாகப் பாடியவர் வன்பரணர் என்ற புலவர். அந்தப் பாட்டு புறநானூற்றில் 152-வது பாட்டாக இருக்கிறது. அவர் சொல்லும் செய்தி இதுதான்.

பாய்ந்தது அம்பு!

காட்டில் ஒரு வேடன் நின்றான். கையில் வில். எதிரே ஒரு யானை. வேடன் நாணை இழுத்தான், அம்பை விட்டான். யானை சாய்ந்தது.

அம்பு நிற்கவில்லை! யானையைத் துளைத்துக் கொண்டு அப்பால் பாய்ந்தது. அங்கே வாயைப் பிளந்தபடி ஒரு புலி. அந்தப் புலியும் செத்து விழுந்தது.

அம்பு இன்னும் நிற்கவில்லை! ஒரு புள்ளிமான் உருண்டது. ஒரு காட்டுப் பன்றி விழுந்தது. கடைசியாக, பக்கத்தில் இருந்த புற்றில் கிடந்த உடும்பின் உடலில் போய்த் தைத்து நின்றது!

ஒரே அம்பு! ஐந்து விலங்குகள்!

பாணர் கூட்டம் திகைத்து நின்றது. யார் இவன்? இறைச்சி விற்றுப் பிழைக்கும் வேடனாகத் தெரியவில்லை. மார்பில் ஆரம் தொங்குகிறது. செல்வம் உடையவன் போல் இருக்கிறான். இந்த மலையின் தலைவன் ஓரியாக இருக்குமோ? அல்லது வேறு யாராவதோ?

இப்படி அவர்கள் மனத்தில் ஐயம் எழுந்தது.

நடக்கக் கூடியதா?

ஒரே அம்பு ஐந்து உயிர்களைத் துளைக்குமா என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

புலவர்கள் ஒருவனைப் புகழும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்வது உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விலங்குகளின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் யானை. அது உயரமானது. அடுத்து புலி, மான், பன்றி. கடைசியில் தரையோடு தரையாகக் கிடக்கும் உடும்பு. அம்பு மேலிருந்து கீழே சரிந்து கொண்டே போகிறது!

மலைச்சரிவில், மேட்டில் நின்று பள்ளத்தை நோக்கி விட்ட அம்பு அப்படித்தான் போகும். மலையை அறிந்தவர் சொன்ன சொல் இது. அம்பு ஐந்தைத் துளைத்ததோ இல்லையோ, ஓரியின் கைவன்மை நாடெங்கும் பேசப்பட்டது என்பதில் ஐயமில்லை. பரணர், கபிலர், கல்லாடனார் ஆகிய புலவர்களும் வல்வில் ஓரி என்றே அவனைக் குறித்திருக்கிறார்கள்.

பெயரைக் கேட்டதும் நாணம்!

கதைக்கு வருவோம்.

வேடனைக் கண்ட பாணர் தலைவன், தன் கூட்டத்தாரைப் பாட்டுக்குத் தயாராகச் சொன்னான். முழவைச் சரி செய்தார்கள். யாழில் பண்ணை எழுப்பினார்கள். தூம்பு என்னும் ஊதுகுழலை எடுத்தார்கள். சிறு பறையும் பெரும் பறையும் ஒலித்தன. முறைப்படி இருபத்தொரு துறைகளையும் பாடி முடித்தார்கள். புலி விழுந்த காட்டில் இசை பரவியது!

பாட்டின் முடிவில், கோவே என்று அழைத்தார்கள். கோ என்றால் அரசன் என்று பொருள்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் வேடன் நாணித் தலை குனிந்தான்! அது தன்னைக் குறிக்கும் சொல் அல்லவா? ஆம். அவன்தான் ஓரி!

தன் வீரத்தைத் தானே பேசும் மன்னர்களை நாம் கதைகளில் பார்த்திருக்கிறோம். யானையையும் புலியையும் வீழ்த்திவிட்டு, ஒரு சிறு புகழ்ச் சொல்லுக்கு வெட்கப்பட்ட மன்னன் இவன்.

பாணர்கள் மேலும் பேச வாயெடுத்தார்கள். பல நாடுகள் சுற்றி வந்ததாகவும், அவனைப் போல ஒரு வேட்டுவனை எங்கும் கண்டதில்லை என்றும் சொன்னார்கள். தங்கள் குறையைச் சொல்லிப் பொருள் கேட்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

ஓரி அதற்கு இடமே கொடுக்கவில்லை. கேட்கும்படி வைப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. அப்போது வேட்டையாடிய மானின் இறைச்சியைச் சமைத்துக் கொடுத்தான். உருக்கிய நெய் போன்ற தேறலைக் கொடுத்தான். பசி தீர்ந்தது.

பிறகு, தன் மலையில் கிடைத்த பொன்னை எடுத்தான். மணிகளையும் அதனோடு கலந்தான். பெற்றுக் கொள்ளும்படி சொல்லி அள்ளிக் கொடுத்தான்.

அரண்மனையில் கொடுக்கவில்லை, அவையில் கொடுக்கவில்லை, சுற்றிலும் கைதட்டுவோர் இல்லை. காட்டு வழியில், யாரென்றே தெரியாத ஏழைகளுக்குக் கொடுத்தான்.

ஆட மறந்தார்கள்!

அதே வன்பரணர் இன்னொரு பாட்டிலும் ஓரியைப் பாடியிருக்கிறார். ஆதன் ஓரி என்று அதில் பெயர் வருகிறது. அது புறநானூற்றின் 153-வது பாட்டு.

ஓரியின் கொடையைப் பார்ப்பதற்காக ஒரு கூத்தர் கூட்டம் போனது. வெள்ளி நாரில் தொடுத்த மணிக்குவளை மாலை கிடைத்தது. குளத்தில் பூக்காத குவளை அது! பொற்கொல்லன் கையில் பூத்தது. அணிகலன்கள் கிடைத்தன. யானைகளும் கிடைத்தன.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தக் கூட்டத்தார் ஆட மறந்து விட்டார்கள். பாடவும் மறந்து விட்டார்கள்! ஏன்? பசி இல்லை. பசிக்காகத்தானே அதுவரை ஆடினார்கள்?

சிரிப்பாகச் சொன்ன செய்தி இது. ஆனால் இதற்குள் ஒரு துயரம் இருக்கிறது. பசி தீரும்வரை ஒருவருடைய கலை, கலையாக இருப்பதில்லை, பிழைப்பாகவே இருக்கிறது. ஓரியின் கை அந்தப் பிழைப்பிலிருந்து அவர்களை விடுவித்தது.

கடல் நீரும் கலங்கல் நீரும்

கழைதின் யானையார் என்று ஒரு புலவர் இருந்தார். மூங்கில் தின்னும் யானை என்று பொருள்படும் விந்தையான பெயர். அவரும் ஓரியிடம் வந்தார்.

வந்தவர் கெஞ்சவில்லை. நிமிர்ந்து நின்று பேசினார். பிறரிடம் கேட்பது இழிவு என்றார். கேட்டவனுக்கு இல்லை என்பது அதைவிட இழிவு என்றார். கேட்பதற்கு முன் கொடுப்பது உயர்வு என்றார். கொடுத்ததை வேண்டாம் என்பது அதைவிட உயர்வு என்றார்.

கடலில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் தாகத்துக்கு யாரும் அதைக் குடிப்பதில்லை. மாடு இறங்கிக் கலக்கிய சிறு குட்டையாக இருந்தாலும், நல்ல தண்ணீர் என்றால் அதைத் தேடி மக்கள் போவார்கள். அந்த வழியில் கால் தடம் நிறைந்திருக்கும். பணம் அதிகம் இருப்பது பெரிதல்ல, பயன்படுவதே பெரிது. இதுதான் அவர் கருத்து.

பரிசு கிடைக்காவிட்டால் ஓரியை நோக மாட்டேன், தான் புறப்பட்ட நேரத்தையே நோவேன் என்றும் அவர் சொன்னார். ஓர் அரசன் முன்னால் இப்படிப் பேச ஒரு புலவருக்குத் துணிவு வர வேண்டும். பேசவிட அரசனுக்கும் பெருந்தன்மை வேண்டும். இருவரிடமும் அது இருந்தது.

வள்ளலைக் கொன்ற வள்ளல்!

இவ்வளவு நல்லவனுக்கும் பகை வந்தது.

அந்தக் காலத்தில் கொல்லிமலை வளமான மலை. பலா பழுத்துத் தொங்கும். தேன் சொரியும். யானைகள் திரியும். கொல்லிப்பாவை என்ற அழகிய தெய்வப் பாவை அங்கே இருந்ததாகப் புலவர்கள் பாடினார்கள். காற்று அடித்தாலும் மழை பெய்தாலும் அழகு குலையாத பாவை என்றார்கள். இப்படிப்பட்ட மலை சேர மன்னர்களின் வசமாயிற்று. அது எப்படி நடந்தது?

மலையமான் திருமுடிக்காரி என்பவன் திருக்கோவலூரை ஆண்ட தலைவன். முள்ளூர் மலை அவனுடையது. பெரிய வீரன். பெரிய வள்ளலும் கூட! கடையெழு வள்ளல்களில் அவனும் ஒருவன். கபிலர் அவன் கொடையைப் பாடியிருக்கிறார்.

அந்தக் காரியும் ஓரியும் போரில் மோதினார்கள். காரியின் குதிரைக்குக் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கு ஓரி என்றே பெயர். இரண்டு வள்ளல்கள், இரண்டு குதிரைகள், ஒரே போர்க்களம்!

போரில் ஓரி கொல்லப்பட்டான். காரி கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அகநானூற்றில் கல்லாடனார் இதைச் சொல்லியிருக்கிறார்.

வெற்றி பெற்ற காரி, ஓரியின் ஊருக்குள் நுழைந்தான். பெரிய தெருவழியே வந்தான். எத்தனையோ பாணர்கள் பசியோடு வந்து, பரிசோடு திரும்பிய ஊர் அது. ஊரே கல் என்று அலறியதாம். நற்றிணையில் உள்ள ஒரு காதல் பாட்டில், ஓர் ஊரில் எழுந்த ஆரவாரத்துக்கு இதைத்தான் உவமையாகச் சொல்கிறார் கபிலர். காரியைப் பாடிய அதே கபிலர்தான்! தன் வள்ளல் வென்ற நாளிலும், தோற்ற ஊரின் ஓலம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

யானையைத் துளைத்த வில் ஓரியைக் காக்கவில்லை. புலிக்கு அஞ்சாதவன் இன்னொரு மனிதன் கையில் மாண்டான்.

செத்தும் வாழ்ந்தான்

ஓரி மறைந்தான். ஆனால் அவன் பெயர் மறையவில்லை.

பெருஞ்சித்திரனார் என்ற புலவர், குமணன் என்ற வள்ளலைத் தேடிப் போனார். பாரி, ஓரி, காரி, அதியமான், பேகன், ஆய், நள்ளி ஆகிய எழுவரும் மறைந்த பின், ஏழைகளுக்கு யார் துணை என்று கேட்டு வந்ததாகப் பாடினார். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரும் ஏழு வள்ளல்களை வரிசையாகச் சொன்னார். சுரபுன்னை பூக்கும் சிறு மலைகள் நிறைந்த நாட்டையே ஓரி கூத்தர்களுக்குக் கொடுத்ததாக அவர் பாடினார்.

அந்த வரிசையில் ஓரியும் காரியும் இருக்கிறார்கள். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே வரிசையில்! புலவர்கள் போரின் வெற்றி தோல்வியைக் கணக்குப் பார்க்கவில்லை. கொடுத்த கையைத்தான் கணக்கில் எடுத்துக் கொண்டார்கள்.

இந்தப் பாட்டுகள் பல நூற்றாண்டுகள் பனை ஓலையில் கிடந்தன. செல்லரித்த ஓலைகளைத் தேடி அலைந்தவர் உ.வே.சாமிநாதையர். அவர் 1894-ம் ஆண்டு புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டார். அவர் உழைப்பினால்தான், அந்தக் காட்டு வழியில் நடந்த சம்பவத்தை நாம் இன்று வீட்டில் இருந்தபடி படிக்க முடிகிறது.

கொல்லிமலையில் செம்மேடு என்ற ஊரில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடிப் பெருக்கை ஒட்டி ஆண்டுதோறும் வல்வில் ஓரி விழா நடக்கிறது. மலைமக்களும் சமவெளி மக்களும் கூடுகிறார்கள்.

இன்று புலி எங்கே?

ஓரியின் அம்பில் விழுந்த புலியின் இனம் என்ன ஆயிற்று?

கொல்லிமலை இன்று புலிகளின் இருப்பிடம் அல்ல. தமிழ்நாட்டில் ஐந்து புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன. களக்காடு–முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை ஆகியவை அவை. 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 306 புலிகள் இருந்தன.

ஓரி காலத்தில் புலி வேட்டை வீரம் எனப்பட்டது. காடு பெரிது, மனிதர் சிலர். இன்றோ காடு சிறிது, மனிதர் பலர். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புலியைக் கொல்வது குற்றம். மறு ஆண்டே, 1973-ல், புலிகளைக் காக்கும் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியது.

அமெரிக்கக் கண்டத்தில் மலைச் சிங்கம் என்று ஒரு விலங்கு உண்டு. பூமா என்றும் சொல்வார்கள். அது நம் நாட்டில் கிடையாது. அங்கே மலை ஏறுவோர் கண்ணிலும் அது மிக அரிதாகவே படும். அதைக் கண்டால் என்ன செய்வது என்று அங்கே சொல்லும் புத்திமதி, நம் காடுகளில் புலி, சிறுத்தையைக் காண நேர்பவர்களுக்கும் பயன்படும். ஓடக் கூடாது, ஓடினால் அது இரை என்று எண்ணித் துரத்தும். முதுகைக் காட்டக் கூடாது. குனியக் கூடாது. குழந்தையை அருகில் இழுத்துக் கொண்டு, நிமிர்ந்து நின்று, மெல்லப் பின்னால் நகர வேண்டும். அதற்கு வழி விட்டால் பெரும்பாலும் அதுவே விலகிப் போகும்.

ஆலத்தூர் நாட்டுக்கோ, மலையின் வேறு எந்த நாட்டுக்கோ போகிறவர்கள், ஒற்றையடிப் பாதை எதையாவது கண்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கு ஓரியின் கதையைச் சொல்லுங்கள். ஒரே அம்பில் ஐந்து விலங்கு என்றால் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். அதோடு நிறுத்தி விடாதீர்கள். புகழைக் கேட்டு அவன் நாணியதையும், ஏழை வாய் திறந்து கேட்கும் முன்பே அவன் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவனைப் போல அம்பு விட நம்மால் முடியாது. கேட்கும் முன் கொடுக்க, நம் எல்லோராலும் முடியும்.